விதைக்காத புல்

கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரர் கோயிலின் கல்நந்தி புல் தின்ற கதையை மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையில் அறியாதவர் குறைவு. கோயிலை இடிக்க வந்த பறங்கித் தளபதி இந்தக் கல்மாடு புல்லுத் தின்னுமோ என்று ஏளனமாகக் கேட்டானாம். குருக்கள் ஒரு பிடி புல்லை நீட்டினாராம். நந்தி எழுந்து, தின்று, சாணியும் போட்டதாம். நந்தி எழுந்த அதிசயத்தைத்தான் காலம்காலமாகச் சொல்லி வருகிறோம்; குருக்கள் கையில் இருந்த அந்தப் பிடி புல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. வாவியின் மேற்குக் கரையில் வயல் வட்டைகளுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் தரவை என்ற மேய்ச்சல்வெளி கிடந்தது. அதில் புல் தானாக நின்றது. ஆனால் இதே கரையில்தான் நெல் என்ற புல்லின் விதையை ஊறப்போட்டு, மூடிவைத்து, சூடு பார்த்து, முளை காட்டவைக்கும் கைப்பக்குவம் தலைமுறை தலைமுறையாகத் தேறி வந்திருக்கிறது. ஒரு புல்லின் விதைக்கு இத்தனை நேர்த்தி தெரிந்த ஊர், மாடு தின்னும் புல்லின் விதையைத் தொடாமலே ஏன் இருந்தது? அறியாமை என்பது சுலபமான விடை. என் விடை வேறு: மாட்டுப்புல்லின் விதையை இங்கே நிலமும் கோடையும் மாட்டின் நடையுமே பக்குவப்படுத்தின. வேலியும் சட்டமும் அந்த ஏற்பாட்டைக் கலைத்த பிறகுதான் புல்விதை நேர்த்தி என்ற ஒன்று நமக்குத் தேவைப்பட்டது.

முதலில் நெல்லைப் பார்ப்போம். சேற்று விதைப்புக்கு விதைநெல்லைச் சாக்கில் தளர்வாகக் கட்டி வாய்க்காலிலோ குளக்கரையிலோ ஒரு நாள் முழுதும் அமிழ்த்துவார்கள். தளர்வாகக் கட்டுவதற்குக் காரணம் உண்டு. ஊறும் நெல் பருக்கும், இறுகிய சாக்கில் நடுவிலுள்ள நெல்லுக்கு நீரும் காற்றும் போய்ச் சேராது. மறுநாள் தூக்கி நீரை வடியவிட்டு, நிழலில் வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் வைத்து, ஈரச்சாக்கால் மூடிப் பாரம் ஏற்றுவார்கள். இரண்டு நாள் கழியும். இதற்கிடையில் கையை உள்ளே நுழைத்துச் சூடு பார்ப்பதுதான் முழுப் பக்குவமும். சூடு ஏறாவிட்டால் முளை பிந்தும், மிஞ்சிப்போனால் நெல் உள்ளே வெந்துபோகும். அப்போது மூடலைத் திறந்து, நீர் தெளித்து, மேல் கீழாகப் புரட்ட வேண்டும். வெள்ளை முனை தலைகாட்டிய உடனே வயலுக்குப் போய்விட வேண்டும். அரை நாள் பிந்தினால் வேர்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், வீசும்போது முறியும். விவசாயத் திணைக்களம் 24 மணிநேரம் ஊறல், 48 மணிநேரம் மூடல் என்று அச்சிட்டுக் கொடுத்ததும் இதைத்தான். கையால் அறிந்த கணக்கை அது மணிக்கூட்டின் கணக்காக்கியது, அவ்வளவே.

விதைக்கு நேர்த்தி செய்யும் பழக்கம் உலகெங்கும் பழையது. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் தானிய விதைகளை ஏழு இரவுகள் பனியிலும், பகலில் வெயிலிலும் வைக்கச் சொல்கிறது. பருத்தி விதைக்குச் சாணம் பூசச் சொல்கிறது. கரும்புக் கரணையின் வெட்டுவாய்க்குத் தேனும் நெய்யும் பன்றிக்கொழுப்பும் சாணமும் சேர்த்துத் தடவச் சொல்கிறது. கவனிக்க வேண்டியது, இந்தப் பட்டியலில் மாட்டுத் தீனி இல்லை. அதே நூல் மேய்ச்சல் நிலத்துக்கு ஒரு தனி அதிகாரியையே வைத்திருக்கிறது. அதாவது மாட்டின் பசியைப் பற்றி அரசு கவலைப்படாமல் இல்லை. மேய்ச்சல் என்பது விதைக்கும் காரியமாக அல்லாமல், காக்கும் காரியமாக இருந்தது. மட்டக்களப்பின் பேச்சும் இதையே சொல்கிறது. பிற இடங்களில் வேளாண்மை என்றால் உழவுத்தொழில் முழுவதும். இங்கே வேளாண்மை என்றால் வயலில் நிற்கும் நெற்பயிர். வேளாண்மை வெட்டுவார்கள், வேளாண்மையில் மாடு இறங்கியது என்று சண்டை பிடிப்பார்கள். விதைநெல், நெல்லு ஊறப்போடுதல், முளை, கதிர், சூடு, பொலி என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெயர். சூடடிக்கும் களவெட்டிக்குள் நுழைந்தால் அங்கே மட்டும் பேசுவதற்கென்று ஒரு தனிச் சொல்வழக்கே உண்டு. புல்லுக்கோ முளைக்கும், தளிர்க்கும், காயும் என்ற மூன்று வினைச்சொற்கள் போதுமாக இருந்தன. மூன்றிலும் எழுவாய் புல்தான், மனிதன் இல்லை.

ஏன் அப்படி என்பதற்குத் தாவரத்தின் பக்கத்திலிருந்து ஒரு காரணம் உண்டு. விதைக்குள் ஒரு பூட்டு இருக்கிறது. நீரும் காற்றும் சூடும் கிடைத்தாலும் உடனே முளைக்காமல் விதையைத் தடுத்து வைப்பது அது. விதையுறக்கம் என்பார்கள். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் நெல்லை அறுத்து, உடனே முளைத்ததையே திரும்பத் திரும்ப விதைக்காக எடுத்ததில், நெல் அந்தப் பூட்டைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. அதனால்தான் வெறும் ஊறலே அதற்குப் போதுமாக இருக்கிறது. பூட்டை இழக்காத நெல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் வயலிலேயே பார்க்கலாம்: பன்றிநெல். அறுவடைக்கு முன்னமே உதிரும், சேற்றுக்குள் கிடக்கும், இந்தப் போகத்தில் கொஞ்சம், அடுத்த போகத்தில் கொஞ்சம் என்று தவணை முறையில் முளைக்கும். விவசாயி அதைச் சபிப்பது எந்தக் குணத்துக்காகவோ, அந்தக் குணம்தான் மேய்ச்சல் புல்லை வாழவைக்கிறது. ஒரே மழைக்கு எல்லா விதையும் முளைத்துவிட்டால், ஐப்பசியில் ஏமாற்றி வரும் ஒரு பொய்மழை ஒரு தரவையையே அழித்துவிடும். கினிப்புல்லும் பிறக்கேரியா இனங்களும் இந்தப் பூட்டோடுதான் இன்னும் இருக்கின்றன. புதிதாக உதிர்ந்த கினிப்புல் விதையை நெல்லைப் போல ஊறப்போட்டு ஈரச்சாக்கில் மூடினால், பெரும்பகுதி முளைக்காமல் பூஞ்சணம் பிடிக்கும். விதை செத்துப்போனதால் அல்ல, அது இன்னும் விழிக்காததால்.

இனித் தரவையின் கணக்கு. வாவிப் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 1,650 மில்லிமீற்றர்; அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு கொட்டிவிடும். அந்த மாதங்களில் வயலில் வேளாண்மை நிற்கும். மாடுகளைப் படுவான்கரையின் மேற்கே, காட்டோரப் பட்டிகளுக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். மழையில் செழித்த அங்கத்தைய புல் தை மாசியில் விதை கட்டி உதிர்க்கும். பெரும்போக வெட்டு முடிந்ததும் மாடுகள் திரும்பி வந்து ஒட்டுப்பயிரை மேயும். எருமைகள் சூடு மிதிக்கும். வாவியோரத் தரவைகள் நீர் வற்ற வற்றப் பச்சை காட்டும். மேற்கே உதிர்ந்த விதை எட்டு மாதம் சுடுமண்ணில் கிடக்கும். சூடான, உலர்ந்த இந்த நீண்ட கிடப்புத்தான் புல்விதையின் பூட்டைத் திறக்கும் மிகச் சாதாரணமான, மிக நம்பகமான வழி. ஆய்வுகூடத்தில் இதையே சேமிப்புக்காலப் பக்குவம் என்று சொல்லிப் பெட்டியில் வைத்துச் செய்கிறார்கள். மாட்டின் வயிறும் தன் பங்கைச் செய்தது. டானியல் ஜான்சன் என்ற உயிரியலாளர் 1984இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: சிறுவிதைத் தாவரங்களுக்கு இலையே பழம்; இலையை மேயும் பெரிய விலங்கு விதையையும் விழுங்கிச் சாணத்தோடு வேறிடத்தில் போடுகிறது. விழுங்கிய விதையெல்லாம் பிழைப்பதில்லை, புல்விதையில் பெரும்பகுதி செரித்தே போகும். பிழைத்த சிறுபகுதி எருவோடு, ஈரத்தோடு, குளம்பு மிதித்த குழியில் இறங்கியது. இதைவிடச் செட்டான விதைப்பை எந்தத் திணைக்களமும் இதுவரை செய்துகாட்டவில்லை.

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும். பதிவு இல்லை என்பதால் வழக்கம் இல்லை என்று எப்படிச் சொல்வது? ஏழைப் பட்டிக்காரன் செய்ததை நிலக்கிழாரான எந்தப் போடியார் எழுதி வைத்தார்? உண்மைதான், ஆவணங்களின் மௌனத்தை மட்டும் வைத்து வரலாறு எழுதக் கூடாது. ஆனால் மாட்டைப் பற்றி இந்த மண் மௌனமாக இருக்கவில்லை. மாட்டுக்குச் சுடும் குறி, உடையவரின் குடியையும் சாதியையும் படித்தறியக்கூடிய ஓர் எழுத்தாகவே இங்கே வளர்ந்தது. யார் மாடு யார் வயலில் இறங்கியது, வேலி யார் கட்ட வேண்டும், எந்த நாளுக்குள் மாடுகள் வட்டையை விட்டுப் போக வேண்டும் என்பதையெல்லாம் வயல்களை மேற்பார்க்கும் வட்டவிதானையின் முன்னிலையில் வயற்கூட்டம் தீர்மானித்தது. மாட்டின் தோலில் வம்சத்தையே எழுதிய சமூகம், அதன் தீனியைப் பயிரிட்டிருந்தால் அதற்கும் ஒரு முறையும் வழக்கும் தகராறும் விட்டுச் சென்றிருக்கும். தகராறு எல்லாம் மாடு எங்கே நிற்கலாம் என்பதைப் பற்றியே. புல்லை யார் விதைத்தார் என்பதைப் பற்றி ஒரு வாய்ச்சண்டைக்குக்கூட இடமிருக்கவில்லை, ஏனென்றால் அது யாருடைய விதையும் இல்லை.

அந்த 'யாருடையதும் இல்லை' என்பதைத்தான் பிரித்தானியச் சட்டம் பிடித்துக்கொண்டது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி ஆக்கிரமிப்புக் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலமெல்லாம், வேறு சான்று காட்டப்படும்வரை, முடிக்குரியது என்று அனுமானித்தது. 1897இன் தரிசு நிலச் சட்டம் அதை இன்னும் இறுக்கியது. கோப்பிக்காரருக்கு மலைநாட்டில் காணி எடுத்துக் கொடுப்பதற்காக எழுந்த தர்க்கம் இது என்பது தெரிந்த கதை. தாழ்நிலத்து மேய்ச்சலுக்கு அது என்ன செய்தது என்பது அதிகம் பேசப்படாத கதை. விதைத்தவனுக்கு உரிமைக்கான ஒரு சான்று இருந்தது. மேய்த்தவனுக்கு இல்லை. ஆண்டுதோறும் ஒரே தரவைக்கு, ஒரே மாதத்தில், ஒரே குறி சுட்ட மாடுகளைக் கொண்டுபோன நூறாண்டுப் பழக்கம், சட்டத்தின் கண்ணில் பயிர்ச்செய்கை ஆகவில்லை. ஹென்றி வார்ட் தேசாதிபதியாக இருந்தபோது வந்த 1856இன் 9ஆம் இலக்கச் சட்டம் நெற்காணிகளின் பழைய நீர்ப்பாய்ச்சல் வழக்கங்களுக்கு உயிர் கொடுக்க வந்தது. மட்டக்களப்பு வயல்களுக்கு அதனால் கிடைத்த நன்மையை மறுக்க முடியாது. ஆனால் அது மீட்ட பழைய வழக்கம் நெல்லின் வழக்கம். 1876இன் கால்நடை அத்துமீறல் சட்டமோ மாட்டைப் பயிரின் எதிரியாகவே பார்த்தது. ஒரே ஏற்பாட்டின் இரண்டு கைகளாக இருந்த வயலும் தரவையும், சட்டப் புத்தகத்தில் வாதியும் பிரதிவாதியும் ஆயின.

இருந்தும் நிலம் நிறைய இருந்தவரை இந்தச் சட்டங்கள் பெரிதாகக் கடிக்கவில்லை. கடித்தது நீர் வந்தபோது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும், உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், வாகனேரி போன்ற குளங்களின் விரிவும் சிறுபோகத்தைச் சாத்தியமாக்கின. கோடையில் தரிசாகக் கிடந்து மாட்டுக்கு ஒட்டுப்பயிர் கொடுத்த அதே வயலில் இரண்டாம் முறை வேளாண்மை நின்றது. நெல்லுக்குப் பாதி ஆண்டு கூடியது, மாட்டுக்குப் பாதி ஆண்டு குறைந்தது. உழவு இயந்திரமும் பிறகு அறுவடை இயந்திரமும் வந்து, மிதிக்கவும் சூடடிக்கவும் எருமை வேண்டாம் என்றாயிற்று. வயல்காரருக்கும் பட்டிக்காரருக்கும் இடையில் இருந்த கடைசிக் கொடுக்கல் வாங்கலும் அறுந்தது. மகாவலித் திட்டத்தின் கீழ் மாதுறு ஓயாப் பக்கம் திறக்கப்பட்ட நிலங்கள் மேற்கெல்லையை நெருக்கின. 1978 நவம்பர்ச் சூறாவளியும், பின்னர் மூன்று தசாப்த யுத்தமும் பட்டிகளைக் கலைத்தன. புல்லுமலை என்று ஊருக்கே பெயர் வைத்த மாவட்டத்தில் புல்லுக்கு மாடு அலைய வேண்டிய நிலை இப்படித்தான் வந்தது. மாட்டை நிறுத்திவைத்து, புல்லை அதனிடம் கொண்டுவர வேண்டும் என்றானபோதுதான் புல்லைப் பயிரிட வேண்டும் என்ற பேச்சும், அதன் விதை ஏன் முளைக்கவில்லை என்ற கேள்வியும் பிறந்தன. இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தில் ரைப்புல்லும் குளோவரும் விதைத்த மேய்ச்சல் 17ஆம் நூற்றாண்டில் பரவத் தொடங்கியதும், ஊர்ப்பொது மேய்ச்சல் அடைக்கப்பட்டு வந்ததும் ஒன்றுக்கொன்று தோள்கொடுத்த மாற்றங்களே.

இந்தப் புதிய காலத்தின் புற்களைப் பார்த்தால் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆபிரிக்காவின் கினிப்புல் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனதே தற்செயலாம். கூண்டுப் பறவைகளுக்குத் தீனியாக வந்த விதை, பறவைகள் செத்த பிறகு வேலியோரம் எறியப்பட்டு முளைத்ததாக, பிரையன் எட்வர்ட்ஸ் 1793இல் வெளியிட்ட மேற்கிந்திய வரலாற்றில் எழுதுகிறார். மாடுகள் அதை ஆவலோடு தின்றதைக் கண்ட பிறகுதான் மனிதர்களுக்கு அதன் அருமை தெரிந்ததாம். பிரித்தானியர் காலத்தில் இலங்கைக்கும் தீனிப்புல்லாக வந்த அது, இன்று வீதியோரமும் கைவிட்ட காணியும் எங்கும் ஆளுயரம் நின்று, ஆக்கிரமிப்புத் தாவரங்களின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. வரிசையில் விதைத்தால் முளைக்கத் தயங்கும் விதை, யாரும் விதைக்காத இடத்தில் ஓயாமல் முளைக்கிறது. மற்றப் புல், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் கம்பையும் நேப்பியரையும் கலந்து உருவாக்கிய கோ-3. கம்பின் நிறப்புரிகள் 14, நேப்பியருடையவை 28. இரண்டின் பிள்ளைக்கு 21. அந்த ஒற்றைப்படைக் கணக்கு சோடி சேராததால் அது வளமான விதை தருவதில்லை. இரண்டு கணு உள்ள தண்டுத் துண்டை நடுகிறார்கள். ஆக, இன்று நம் பண்ணைகளில் அதிகம் பேசப்படும் தீனிப்புல், விதைநேர்த்தி என்ற சிக்கலை விதையையே விட்டுவிட்டுத் தீர்த்திருக்கிறது. கெட்டித்தனமான தீர்வுதான். ஆனால் துண்டு நடுவதற்கு ஈரம் வேண்டும், கிணறு வேண்டும், வேலி வேண்டும், எல்லாவற்றுக்கும் முதலில் தன் பெயரில் ஒரு துண்டுக் காணி வேண்டும்.

இன்னொரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். தரவையைப் புகழ்வது பழமை மயக்கம். நாட்டுமாடு நாளுக்கு ஒன்றிரண்டு லீற்றர் பாலோடு நிற்கிறது. பயிரிட்ட புல்லும் கலப்பின மாடும்தான் பண்ணையாளனை உயர்த்தும் என்பார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஏக்கரில் கோ-3 தரும் தீனியின் பக்கத்தில்கூடத் தரவைப்புல் வர முடியாது. ஏக்கர் கணக்கில் தரவை தோற்கும். ஆனால் தரவையை யாரும் ஏக்கர் கணக்கில் நடத்தவில்லை. நீர் இறைக்காமல், எரு போடாமல், வெட்டிச் சுமக்காமல் கிடைத்த தீனியின் கணக்கு செலவுப் பக்கத்தில் எழுதப்பட வேண்டியது. மட்டக்களப்புத் தயிருக்கு நாடு முழுதும் பெயர் வாங்கிக் கொடுத்த எருமைகள் அந்தச் செலவில்லாத புல்லில் நின்றவையே. பெரிய பண்ணை ஒன்று வேலி போட்டு விதைக்கலாம். முப்பது மாட்டோடு காணி உறுதி இல்லாமல் நிற்பவனுக்கு உயர்விளைச்சல் புல்லின் சிபாரிசு, பாய் இல்லாதவனுக்குத் தலையணை கொடுப்பது போன்றது.

இதனால் புல்விதை நேர்த்தி வீண் என்று சொல்ல வரவில்லை. செய்பவர் எந்தப் பூட்டைத் திறக்கிறோம் என்று அறிந்து செய்ய வேண்டும் என்பதே என் வாதத்திலிருந்து வரும் செய்முறை. இப்பில் இப்பில் போன்ற அவரை இனங்களின் தடை தோலில் இருக்கிறது. நீர் புகவே முடியாத தோல், வெந்நீர் பட்டால் வழிவிடும். புல்விதைக்கு அதே வெந்நீரை ஊற்றினால் கருவைக் கொன்றுவிடலாம். பிறக்கேரியாவின் தடை பெரிதும் உமியில். செறிந்த சல்பூரிக்கமிலத்தில் சில நிமிடம் வைத்து உமியைக் கரைத்து, நன்றாகக் கழுவி உலர்த்துவது விதை வணிகத்தில் நெடுநாள் வழக்கம். வீட்டு முற்றத்தில் செய்யத் தக்க வேலை அல்ல அது. கினிப்புல்லுக்கு ஐதான பொற்றாசியம் நைத்திரேற்றுக் கரைசல் ஆய்வுகூடச் சோதனைகளில் உதவுகிறது. இவை எதுவும் இல்லாதவருக்கு மலிவான வழி, தை மாசியில் முற்றிய கதிரைத் தண்டோடு வெட்டி, நிழலில் குவித்து, உதிர்ந்ததைப் புடைத்து, சப்பியைக் கழித்து, காற்றாடும் பையில் மாரி வரும்வரை வைத்திருப்பதுதான். அந்தச் சப்பிக் கணக்கிலேயே பலர் மனம் சோர்ந்துவிடுகிறார்கள். கினிக்கதிர் ஒரே நாளில் முற்றுவதில்லை, நுனி உதிரும்போது அடி இன்னும் பச்சையாக இருக்கும், கூட்டியெடுத்ததில் பெரும்பங்கு பொக்கு. மிஞ்சுவது அவ்வளவு பொடி விதை. ஆழமாக மூடினால் வெளிவரப் பலம் இருக்காது, சுரண்டிய மண்மேல் தூவி மெல்ல மிதித்துவிட்டால் போதும். உலர வைத்து, காத்திருந்து, மேலாகத் தூவி, மிதிப்பது. வந்தாறுமூலையின் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கால்நடை விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்கு இது பாடம். தரவைக்கு இது வருடா வருடம் கோடையும் மாடும் செய்துவந்த வேலை.

2023 செப்டம்பரில் மட்டக்களப்பின் மேற்கெல்லையிலுள்ள மயிலத்தமடு, மாதவனைப் பண்ணையாளர்கள் தங்கள் மேய்ச்சல் தரையில் வெளியார் பயிர்ச்செய்கைக்காக நிலம் பிடிப்பதை எதிர்த்துச் சித்தாண்டியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்தார்கள். அவர்கள் கேட்டது புல்விதையோ நேர்த்தி மருந்தோ அல்ல. மேய்ச்சல் தரை மேய்ச்சல் தரையாகவே எழுத்தில் உறுதியாக வேண்டும் என்பது. எதிர்ப்பக்கத்துப் பயிர்களில் சோளனும் இருந்தது. தாவரவியலில் சோளனும் ஒரு புல். உழுது, வரிசை பார்த்து, விதைத்த புல். 1840இல் எழுதப்பட்ட அனுமானத்தின்படி அது பயிர்ச்செய்கை. அதன் பக்கத்தில், முந்தின கோடையில் உதிர்ந்து கிடந்து அந்த ஐப்பசி மழைக்குப் பச்சை விட்டது, தரிசு.